டன்ஸ்டபிளின் 'குவாம் புல்க்ரா எஸ்': மூன்று குரல்களையும் பிரித்துக் கேட்பது எப்படி

மூன்றே குரல், ஏறக்குறைய மூன்றே நிமிடம். 15-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜான் டன்ஸ்டபிள் என்ற ஆங்கிலேயர் எழுதிய 'குவாம் புல்க்ரா எஸ்' என்கிற மோட்டெட், அதாவது பல குரலில் பாடுகிற லத்தீன் கோயில் பாட்டு, அவ்வளவுதான். பழைய ஆங்கிலேயக் கோயில் இசையைக் கேட்கத் தொடங்க விரும்புகிறவர்கள் யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆறு குரல், ஒன்பது குரல் என்று பின்னால் வந்த பிரம்மாண்டங்களை முதல் நாளே போட்டுக் கேட்டால் அலை அடிக்கிற மாதிரி இருக்கும், அழகாகவும் இருக்கும், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் பிடிபடாது. இது அப்படியில்லை. பொறுமையாக ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் முழுதாகக் கைக்குள் வந்துவிடுகிற அளவு.

முதல் தடவை நான் கேட்டபோது எனக்கு ஒரே ஒரு மெட்டுதான் கேட்டது. மேலே ஒருவர் பாடுகிறார், கீழே இரண்டு பேர் ஒத்து ஊதுகிற மாதிரி கூடவே வருகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒற்றை மெட்டுக்குப் பழகிய காது எப்போதும் மேலே இருப்பதைத்தான் பிடித்துக்கொள்ளும், அதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பாட்டின் இனிமை எந்த ஒரு குரலிலும் இல்லை, குரல்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் இருக்கிறது. அந்த இடைவெளியைக் கேட்கக் காதைத் திருப்புவதுதான் இங்கே வேலை.

முதலில் பாட்டைப் போடாதீர்கள். வார்த்தைகளைப் படியுங்கள். வீட்டில் தமிழ் பைபிள் இருந்தால் உன்னதப்பாட்டு 7-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள், கத்தோலிக்கப் பதிப்பில் அதற்கு இனிமைமிகு பாடல் என்று பெயர். 4 முதல் 12 வரையுள்ள வசனங்களிலிருந்து முன்னும் பின்னுமாக எடுத்துக் கோத்ததுதான் இந்த மோட்டெட்டின் லத்தீன் வரிகள். 'குவாம் புல்க்ரா எஸ், எத் குவாம் தெகோரா, காரிசிமா இன் தெலிச்சியிஸ்' என்று தொடங்குகிறது: எவ்வளவு அழகு நீ, எவ்வளவு எழில், என் பிரியமானவளே. உன் உயரம் பேரீச்ச மரம் போல, மார்பு திராட்சைக் குலை போல, தலை கர்மேல் மலை போல, கழுத்து தந்தக் கோபுரம் போல என்று பாதாதிகேசம் மாதிரி போகிறது. அப்புறம் 'வேனி, தீலெக்தே மீ': வா, என் அன்பனே, வயல்வெளிக்குப் போவோம், பூ காய் பிடித்திருக்கிறதா, மாதுளை பூத்திருக்கிறதா என்று பார்ப்போம், அங்கே என்னை உனக்குத் தருவேன். கடைசியில் ஓர் அல்லேலூயா.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். 'காரிசிமா' என்பது பெண்பால். 'தீலெக்தே' என்பது ஆண்பால். அதாவது முதல் பாதியில் பேசுகிறவன் அவன், 'வேனி' என்ற சொல்லில் இருந்து பேசுகிறவள் அவள். பேசுகிற ஆள் மாறுகிற இடம் அந்த ஒரு சொல். இந்தக் காதல் பாட்டு கோயிலுக்குள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இடைக்காலத் திருச்சபை உன்னதப்பாட்டின் பெண்ணை மரியாளாகப் படித்தது, மரியாளுக்கான வழிபாட்டில் இந்த வரிகள் நிறையவே புழங்கின. அதனால் பாடுகிறவர்களுக்கு இதில் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

சரி, இப்போது பாட்டைப் போடலாம். ஹில்லியர்ட் ஆன்செம்பிள், ஆர்லாண்டோ கன்சார்ட் போன்ற குழுக்கள் டன்ஸ்டபிளின் இசையை நிறையப் பதிவு செய்திருக்கின்றன. இந்தப் பாட்டுக்கு யாருடைய பதிவு கிடைத்தாலும், ஒரு குரலுக்கு ஒரே ஆள் பாடுகிற பதிவாகத் தேடி எடுங்கள். முப்பது பேர் கொண்ட பாடகர் குழு பாடினால் ஒலி திரண்டு நிற்கும், ஓரங்கள் மழுங்கிவிடும், நமக்கு இப்போது வேண்டியது ஓரங்கள்தான். இயர்போன் நல்லது. ஃபோன் ஸ்பீக்கரில் கீழ்க்குரல் காணாமல் போய்விடும்.

முதல் முறை கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டு வாயை மட்டும் கேளுங்கள், அதாவது அசைகளை. மூன்று பேரும் பெரும்பாலும் ஒரே அசையை ஒரே நேரத்தில் சொல்கிறார்கள் என்பது உடனே தெரியும். 'ஸ்தாதூரா தூவா அசிமிலாத்தா எஸ்த்' என்ற வரியைக் கையால் தட்டிப் பாருங்கள், மூவரும் சேர்ந்தே அந்த அசைகளை உச்சரிப்பார்கள். அந்தக் காலத்துப் பல குரல் இசையில் இது சாதாரணம் இல்லை. டன்ஸ்டபிளுக்கு முந்திய பிரெஞ்சு மோட்டெட்டுகளில் மேல்குரல் ஒரு பாட்டு, நடுக்குரல் வேறொரு பாட்டு, அடியில் டெனர் என்கிற தாங்குகுரல் நீண்ட நீண்ட ஸ்வரங்களில் ஒரு பழைய தேவாலய மெட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். இங்கே அப்படி அடியில் போட்ட பழைய மெட்டே கிடையாது. மூன்று வரிகளுமே புதிதாக எழுதப்பட்டவை, மூன்றும் கிட்டத்தட்டச் சம அந்தஸ்து. வார்த்தை எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே இசையும் மூச்சு விடுகிறது.

இரண்டாவது முறை கீழ்க்குரலை மட்டும். இதுதான் கஷ்டமான கட்டம், இங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வழி சொல்கிறேன்: ஒவ்வொரு வரியின் கடைசி ஸ்வரத்திலும் பாட்டை நிறுத்தி, கேட்டதிலேயே மிகத் தாழ்வான ஒலி எதுவோ அதை 'ம்ம்ம்' என்று பிடியுங்கள். பிடித்த பிறகு அந்த வரியைப் பின்னுக்கு இழுத்து மறுபடி போட்டு, அந்த ஒலிக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் பாதை தானாகத் தெரியும். வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக்கொள்வதும் உதவும். அப்படியும் பிடிபடவில்லை என்றால், சிபிடிஎல், ஐஎம்எஸ்எல்பி போன்ற இலவசத் தளங்களில் இசைக்குறிப்பைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் மியூஸ்ஸ்கோர் என்கிற இலவச மென்பொருளில் ஏற்றி இரண்டு குரல்களை ஊமையாக்கிவிட்டு ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். கணினிச் சத்தம் உயிரில்லாமல் இருக்கும், பரவாயில்லை, வழி தெரிந்துகொள்ளத்தானே.

மூன்றாவது முறை நடுக்குரல். கீழ்க்குரல் உயரத்துக்குப் பக்கத்திலேயே இது ஓடுவதால் முதலில் இரண்டும் ஒன்றாகக் குழம்பும். இதைத் தனியாகக் கேட்டால் கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருக்கும், தனி மெட்டாக மனதில் நிற்காது. ஆனால் இதை எடுத்துவிட்டால் பாட்டு சொதசொதவென்று ஆகிவிடும். சோற்றில் உப்பு மாதிரி. மேல்குரலைத் தனியாகக் கேட்கச் சொல்ல மாட்டேன், அதைத்தான் ஏற்கனவே கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

இப்போது இடைவெளிக்கு வருவோம். இதற்குக் கேட்பது மட்டும் போதாது, ஒரு தடவையாவது பாட வேண்டும். இரண்டு நண்பர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாடத் தெரிய வேண்டும் என்று இல்லை, சுருதி சேர்ந்தால் போதும். மூன்று பேர் கிடைக்காவிட்டால் கீபோர்டில் மூன்று விரல். சங்கராபரண ஸ்வரங்களிலேயே சொல்கிறேன். நடுவில் நிற்கிறவர் ப, த, ப, ம, ப என்று பாடட்டும். மேலே இருப்பவர் எப்போதும் அவருக்கு நாலாவது ஸ்வரத்தில் கூடவே போக வேண்டும்: மேல் ஸ, மேல் ரி, மேல் ஸ, நி, மேல் ஸ. கீழே இருப்பவர் முதலிலும் கடைசியிலும் ஸ பிடிக்க வேண்டும், நடுவில் உள்ள மூன்று இடத்திலும் நடுக்குரலுக்கு மூன்றாவது ஸ்வரம் கீழே: ம, க, ரி. ஆக, ஸ-ப-ஸ என்று திறந்து தொடங்கி, ம-த-ரி, க-ப-ஸ, ரி-ம-நி என்று மூன்று பேரும் கைகோத்துப் படியிறங்கி, மறுபடி ஸ-ப-ஸ என்று விரிந்து முடிகிறது.

மெதுவாக, ஒவ்வொன்றிலும் இரண்டு எண்ணிக்கை நின்று பாடிப் பாருங்கள். கடைசி இரண்டு அடிகளில், ரி-ம-நி என்று நெருங்கி நின்ற மூவரில் கீழே இருப்பவர் ஒரு படி இறங்க, மேலே இருக்கிற இருவரும் ஒரு படி ஏற, கதவு திறக்கிற மாதிரி ஓர் உணர்வு வரும். அந்த ம-வை அரை ஸ்வரம் உயர்த்தி, பிரதி மத்யமமாக எடுத்துப் பாடினால் இன்னும் கூர்மையாக விழும், அந்தக் காலத்தில் அப்படி முடிப்பதும் வழக்கமாக இருந்தது.

இது நான் கட்டிய விளையாட்டு இல்லை. இங்கிலாந்தில் ஃபாபர்டன் என்று இதற்குப் பெயர். தேவாலய மெட்டை நடுவில் ஒருவர் பாட, மேலே ஒருவரும் கீழே ஒருவரும் எழுதி வைக்காமலே, இந்த விதிகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கூடச் சேர்ந்து பாடுவார்கள். டன்ஸ்டபிள் தலைமுறையினரின் காதெல்லாம் இந்த ஒலியில் ஊறியது. இதைப் பாடிவிட்டு உடனே பாட்டைப் போடுங்கள், வரி முடிகிற இடங்களில் அதே கதவு திறப்பதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்; எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அந்த இடம் அலுத்ததில்லை.

ஏன் இது இவ்வளவு இனிக்கிறது என்பதற்குக் கணக்கும் உண்டு. ஐரோப்பாவில் அன்றைக்குப் பாடத்தில் இருந்த சுருதிக் கணக்கு பஞ்சமங்களை அடுக்கிப் போவது. நாலு பஞ்சமம் அடுக்கினால் கிடைக்கிற காந்தாரத்தின் அதிர்வு ஸ-வைப் போல 81/64 மடங்கு, அது கொஞ்சம் கூடுதலாக, பிசிறடித்துக்கொண்டு நிற்கும், அதனால் ஸ-க இடைவெளியை முழு ஒத்திசைவாக ஏட்டில் சேர்க்கத் தயங்கினார்கள். ஆங்கிலேயர்களின் காது வேறு மாதிரி போனது. பெயர் தெரியாத 13-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒருவர், இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் இதையே மிகச் சிறந்த ஒத்திசைவாகக் கருதுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். 1300 வாக்கில் வால்டர் ஓடிங்டன் என்கிற ஆங்கிலத் துறவி, பாடும்போது குரல் தானாகவே எளிய விகிதத்துக்கு, அதாவது 5/4-க்கு, வந்து சேர்ந்துவிடுகிறது என்கிற கருத்தைச் சொன்னார். தம்புராவை நன்றாகச் சேர்த்துவிட்டால் யாரும் மீட்டாமலே காதில் ஒரு காந்தாரம் கேட்கும் இல்லையா, அதே 5/4 தான். சுருதிப் பெட்டியை ஸ-வில் போட்டுவிட்டு க-வைப் பாடி, துடிப்பு அடங்குகிற வரைக்கும் நூல் நூலாகக் கீழே இறக்கிப் பாருங்கள். அடங்குகிற அந்தப் புள்ளியில்தான் இந்தப் பாட்டு வாழ்கிறது. நல்ல குழு பாடினால் மூன்று குரலும் ஒரே பொருளாக உறைந்து நிற்கும். கீபோர்டில் அந்த உறைவு வராது, அதன் காந்தாரம் சற்றே கூடுதல், அதனால்தான் முடிந்தால் மனிதக் குரலில் செய்யுங்கள் என்கிறேன்.

உரசல்களையும் தேடுங்கள். மிகக் குறைவாகத்தான் இருக்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் மோதுகிற இடங்களை டன்ஸ்டபிள் பெரும்பாலும் தவிர்க்கிறார், வரும்போதும் ஓட்டத்தில் சட்டென்று கடந்துவிடுகிறார், இல்லாவிட்டால் வரி முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு குரலைப் பின்தங்க வைத்து உரசவிட்டு உடனே சரி செய்கிறார். முந்தைய தலைமுறை இசையில் ஒவ்வொரு குரலும் டெனரோடு ஒத்துப்போனால் போதும், மற்ற இரண்டும் தங்களுக்குள் இடித்துக்கொண்டால் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இங்கே எல்லாரும் எல்லாரோடும் ஒத்துப்போகிறார்கள். 1440 வாக்கில் மார்ட்டின் லெ ஃப்ராங்க் என்கிற கவிஞர், கடலுக்கு அந்தப் பக்கத்து இசையமைப்பாளர்களான டுஃபாயும் பின்ஷுவாவும் டன்ஸ்டபிளைப் பின்பற்றி 'ஆங்கிலேயப் பாங்கை' எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதியது இந்த ஒலியைப் பற்றித்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அடுத்த தலைமுறையில் டிங்க்டோரிஸ் என்ற இசை அறிஞர் புதிய கலையின் ஊற்றே ஆங்கிலேயர்கள்தான், அவர்களுக்குத் தலைவர் டன்ஸ்டபிள் என்று இன்னும் ஒரு படி மேலே போனார்.

இந்தப் பாங்கு கடல் தாண்டியதற்கு ஒரு காரணம் போர். இங்கிலாந்து அரசர் 5-ஆம் ஹென்றியின் தம்பி, பெட்ஃபோர்டு பிரபு, 1422 முதல் 1435-இல் இறக்கும் வரை பிரான்சில் ஆங்கிலேய ஆட்சியை நடத்தினார். டன்ஸ்டபிள் அவருடைய இசைஞர் என்பதற்கு ஆதாரமான ஒரு குறிப்பு இசைச் சுவடியில் இல்லை, கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் இருக்கிற ஒரு வானியல் சுவடியில் இருக்கிறது. ஆம், அவர் வானியலும் கணிதமும் அறிந்தவர். 1453 டிசம்பர் 24-இல் இறந்தார், லண்டனில் செயின்ட் ஸ்டீஃபன் வால்புரூக் கோயிலில் அடக்கம். அவருடைய பாட்டுகளில் பெரும்பகுதி இன்றைக்குக் கிடைப்பது இத்தாலியிலும் ஆல்ப்ஸ் பக்கத்து ஊர்களிலும் படியெடுத்த சுவடிகளிலிருந்துதான். 16-ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் இங்கிலாந்தின் கோயில் இசைச் சுவடிகள் எக்கச்சக்கமாக அழிந்துபோயின. வெளியூர்க்காரர்கள் ஆசைப்பட்டு எழுதி எடுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் இதெல்லாம் நமக்கு இல்லை. அதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கும்.

சரி, மறுபடி பாட்டுக்கு. இப்போது 'வேனி' என்ற சொல்லுக்குக் காத்திருங்கள். அதுவரை அசைக்கு அசை நடந்து வந்த மூன்று குரலும் அந்த ஒரு சொல்லில் கார்வையாக நின்றுவிடும். நீண்ட ஸ்வரங்கள், மூவரும் சேர்ந்து, அசையாமல். நான் முன்னால் சொன்னேனே, அவள் பேசத் தொடங்குகிற இடம். அவன் அவளை அடி முதல் முடி வரை வர்ணித்து முடித்ததும் அவள் சொல்கிற முதல் சொல், 'வா'. பல குரல் இசையில் ஒரு சொல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்றால் அதில் ஸ்வரங்களை அள்ளிக் கொட்டுவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். இவர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார். குரல்கள் ஓடாமல் நிற்பதால் இடைவெளிகள் வெட்டவெளியாகத் தெரிகின்றன. இந்த இடத்தில் ஒவ்வொரு குரலாகக் காதால் தொட்டுப் பாருங்கள்: கீழ், நடு, மேல், மறுபடி கீழ். முன்னால் செய்த பயிற்சி எல்லாம் இந்தச் சில நொடிகளுக்காகத்தான் என்று கூடச் சொல்வேன்.

அதன் பிறகு வயல்வெளி, பூ, மாதுளை என்று மறுபடி நடை பிடித்து, கடைசி அல்லேலூயாவில் மட்டும் ஒரே அசைக்குப் பல ஸ்வரம் என்று குரல்கள் இழைந்து போகும். இவ்வளவு நேரம் அடக்கி வைத்தது அங்கே அவிழ்கிறது. மூவரும் ஒரே தாளத்தில் நடக்காமல் ஒருவர் நிற்க ஒருவர் நகர்வது இங்கே நன்றாகக் கேட்கும், அதனால் பிரித்துக் கேட்கும் பயிற்சிக்கு இதுவே பரீட்சை. கண்ணை மூடிக்கொண்டு கீழ்க்குரலை அல்லேலூயா முழுக்க விடாமல் பிடிக்க முடிந்துவிட்டால் நீங்கள் தயார்.

பாடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஓரிரு வார்த்தை. சர்ச் குழுவில் நாலு குரல் பாடிப் பழகியவர்கள் டெனர் என்றால் ஆண்களின் உயர்ந்த குரல் என்று நினைத்துக்கொள்வார்கள், டன்ஸ்டபிள் காலத்தில் டெனர் என்பது குரல் வகை இல்லை, 'தாங்குகிற வரி' என்று பொருள், இங்கே அதுதான் பெரும்பாலும் அடிக்குரல். உச்சரிப்புக்கு இன்றைக்கு எல்லாரும் பாடுகிற இத்தாலிய வழக்கே போதும். அன்றைய ஆங்கிலேயர் தங்கள் நாக்குக்கு ஏற்ற மாதிரி வேறு விதமாகத்தான் லத்தீன் பேசினார்கள், அதைத் தேடிப் போவது இரண்டாம் வருஷத்து வேலை. அதிர்வு கொடுத்துப் பாடாதீர்கள், நேராகப் பாடுங்கள், அதிர்ந்தால் அந்த 5/4 எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அப்புறம், எண்ணிக்கொண்டு பாடாமல் வார்த்தையைச் சொல்லிக்கொண்டு பாடுங்கள்.

இது கைவந்த பிறகு அடுத்ததாக அதே டன்ஸ்டபிளின் நாலு குரல் 'வேனி சாங்தே ஸ்பிரித்தூஸ்'. இது நேர் எதிர் உலகம். மூன்று வெவ்வேறு லத்தீன் வரிகள் ஒரே நேரத்தில் ஓடும், அடியில் டெனர் 'வேனி கிரேயாத்தோர்' துதிப்பாடலின் மெட்டில் ஒரு பகுதியை நீட்டி நீட்டிப் பாடும். மொத்தப் பாட்டும் மூன்று பகுதி. டெனர் அதே மெட்டை அதே தாளக்கட்டில் திரும்பத் திரும்பப் பாடுகிறது, ஆனால் பகுதிக்குப் பகுதி 3, 2, 1 என்ற விகிதத்தில் நேரம் சுருங்குகிறது, நம் ஊர்க் கச்சேரியில் காலம் மாற்றிப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். வார்த்தைகளைப் பின்தொடர இங்கே முயற்சியே செய்யாதீர்கள், முடியாது. ஒவ்வொரு சுற்றும் மேல்குரல்கள் இரண்டு மட்டும் தனியாகப் பேசிக்கொண்டு தொடங்கும், அந்த நேரம் டெனர் மௌனம். அது எப்போது வந்து நுழைகிறது என்பதை மட்டும் ஒரு தாளில் நிமிடம், நொடியோடு குறித்துக்கொண்டே போங்கள். முதல் முறை இரண்டு மூன்று நுழைவுகள் தவறும். குறித்த நேரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி போடும்போது, இடைவெளிகள் சுருங்கிக்கொண்டே வருவது தாளிலேயே தெரியும், அதைப் பார்த்த பிறகு காதிலும் தெரியும்.